செம்பருத்திக்கு விதை எங்கே?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ஒரு தமிழ்வழிப் பள்ளியில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். சிறுவர்களுக்கான தாவரவியல் நூல் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொண்டிருந்த நேரம். என் வாக்கியங்கள் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகின்றனவா என்று சோதித்துப் பார்க்க வேறு வழி தெரியவில்லை. அன்றைய பாடம் பூவின் பாகங்கள். ஆசிரியை ஒரு செம்பருத்திப் பூவைப் பிளந்து காட்டினார். பிறகு கரும்பலகையில் படம் வரைந்து பெயர்களை எழுதினார்: புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத் தாள், சூலகம். மகரந்தத் தூள் சூலகமுடியில் சேரும், சூல் விதையாகும், சூல்பை கனியாகும் என்று முடித்தார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், எங்க வீட்டு வேலி பூராவும் செம்பருத்திதான். ஒருநாள்கூடக் காய் பாத்ததில்லையே. விதை எங்க டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. நம் வீட்டு முற்றங்களில் வளரும் செம்பருத்தி பெரும்பாலும் விதை வைப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகக் குச்சியை ஒடித்து நட்டே அதை வளர்த்து வந்திருக்கிறோம். நிறத்துக்காகவும் அளவுக்காகவும் மனிதர்கள் கலந்தும் தேர்ந்தெடுத்தும் உருவாக்கிய செடி அது. பூ பெரிதாயிற்று, காய்ப்பது அபூர்வமாயிற்று. ஆனாலும் இந்தியா முழுவதும் பள்ளிகளில் பூவின் பாகங்களைக் கற்பிக்கச் செம்பருத்தியைத்தான் பறித்து வருகிறார்கள். பெரிய பூ, பாகங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், எல்லா ஊரிலும் கிடைக்கும். ஆசிரியருக்கு இவையெல்லாம் வசதியான காரணங்கள். விதை எப்படி உண்டாகிறது என்று சொல்ல, விதை வைக்காத செடியைக் கையில் எடுத்திருக்கிறோம் என்பதை நாற்பது வயது தாண்டிய நானும் அன்றுதான் யோசித்தேன்.

இந்தப் பகுதியின் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1956இல் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது, தமிழ் பேசும் மக்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் எல்லையோரக் கிராமங்களில் வீட்டுமொழி தமிழ். இவர்களுக்காகக் கேரள அரசு பாடநூல்களைத் தமிழிலும் அச்சிடுகிறது. பிள்ளை வீட்டில் பேசுவது கொங்குத் தமிழோ தோட்டத் தமிழோ. பஸ்ஸிலும் கடையிலும் கேட்பது மலையாளம். புத்தகத்தில் இருப்பது இரண்டிலும் சேராத ஒரு தமிழ். பக்கத்து மலையாள வகுப்பில் 'பராகணம்' என்கிறார்கள், இங்கே 'மகரந்தச் சேர்க்கை' என்கிறார்கள். இரண்டையும் வீட்டில் எவரும் சொல்வதில்லை.

நான் தமிழ் முதுகலை படித்தவன். மகரந்தத்துக்குச் சங்கப் புலவர்கள் 'தாது' என்ற சொல்லை வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? இன்றைய பிள்ளைக்குத் தாது என்றால் இரும்புத் தாது. அந்த வகுப்பிலேயே விடை கிடைத்தது. பூவின் நடுவே இருக்கும் மஞ்சள் தூளைக் காட்டி இது என்ன என்று ஒரு பையனிடம் கேட்டேன். "பூம்பொடி" என்றான். மலையாளத்தில் சாதாரணமாக வழங்கும் சொல். ஆனால் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாத சொல். ஊருக்குத் திரும்பியதும் என் கைப்பிரதியில் 'மகரந்தம்' முதன்முதலில் வரும் இடத்தில் பூம்பொடி என்று எழுதி, அடுத்த வாக்கியத்தில் பாடநூல் சொல்லை அறிமுகப்படுத்தினேன். சொல் தெரியாத பிள்ளைக்குப் பொருள் தெரியாது என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. பல நேரம் பொருள் அதன் கையிலேயே இருக்கிறது.

அன்று ஜன்னல் வழியாக நான் பார்த்தவை பனைமரங்கள். பாலக்காட்டின் கிழக்குப் பகுதிக்குக் கரிம்பனைதான் அடையாளம். ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' (1969) நாவலைப் படித்தவர்களுக்கு இந்த நிலத்தின் பனைகளும் காற்றும் நினைவிருக்கும். விதைப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரம் எது?

செம்பருத்தியில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவில் இருக்கின்றன. பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூப்பதற்கு முன்னால் எது எதுவென்று சொல்ல முடியாது. ஆண் பனையில் விரல் விரலாகக் கதிர்கள் தொங்கும், நுங்கு காய்க்காது. பெண் பனை தனியாக நின்று பயனில்லை, ஆண் பனையின் பூம்பொடி அதை வந்தடைய வேண்டும். இதைச் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை. பனையேறியின் மகன் ஒருவன் வகுப்பில் இருந்தால் போதும்.

நுங்கின் மூன்று கண்களும் மூன்று விதைகள். நாம் உறிஞ்சித் தின்னும் வழுவழுப்பான சதை, பிறக்கப்போகும் கன்றுக்குத் தாய்மரம் கட்டிக்கொடுத்த சாப்பாடு. முற்றவிட்டால் அது கல்லாக இறுகும். பழம் விழுந்தபின் கொட்டையை மணலில் புதைத்து வைக்கிறோம். சில மாதங்கள் கழித்துத் தோண்டினால் பனங்கிழங்கு கிடைக்கிறது. கிழங்கு என்று பெயரிட்டு விட்டோமே தவிர, அது உருளை, சேனை போன்ற கிழங்கு இல்லை. பனங்கன்றேதான் அது. பெரும்பாலான விதைகள் முளையை வெளிச்சத்தை நோக்கி நீட்டும். பனங்கொட்டையோ தன் குருத்தை முதலில் மண்ணுக்குள் இறக்குகிறது, வெயிலும் தீயும் எட்டாத ஆழத்துக்கு. முளைத்த கொட்டையை அரிவாளால் வெட்டினால் உள்ளே பஞ்சு போலத் 'தவுன்' இருக்குமே, அது கொட்டைக்குள் இறுகிய உணவைக் கரைத்து உறிஞ்சி, கீழே வளரும் கன்றுக்கு அனுப்பும் உறுப்பு. நுங்கு, கொட்டை, தவுன், கிழங்கு என்று விதையின் வாழ்க்கை முழுவதையும் தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு 'விதை முளைத்தல்' என்ற தலைப்பில் அவரை விதையின் படத்தை மட்டும் போட்டுக் காட்டுகிறோம்.

விதை பரவுதலும் இப்படியே. காற்று, நீர், விலங்கு, வெடித்துச் சிதறல் என்று நான்கு வழிகளை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். நான்கு மதிப்பெண், வழிக்கு ஒன்று. பாலக்காட்டில் காற்றைப் பற்றிப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான இடைவெளி இந்தக் கணவாய். மழைக்காலத்தில் மேற்கிலிருந்தும், மார்கழி தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் காற்று இதற்குள் புகுந்து வீசும். எருக்கங்காய் வெடித்து, பட்டு இழை கட்டிய விதைகள் மிதந்து வரும்போது பிள்ளைகள் "அப்பூப்பன்தாடி" என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். மலையாளத்தில் அப்பூப்பன் என்றால் தாத்தா. தாத்தாவின் தாடி பறக்கிறது! அந்தத் தாடியின் அடியில் தொங்கும் தட்டையான பழுப்புப் புள்ளிதான் விதை என்று ஒருமுறை நிறுத்திக் காட்டினால் போதும். எவ்வளவு தூரம் போகிறது என்று பிறகு அவர்களே அளந்து கொள்வார்கள்.

பாலக்காட்டிலிருந்து இடுக்கியின் தமிழ் ஊர்களுக்குத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து போகும் ஒரு வழி உண்டு. பொள்ளாச்சி, உடுமலை, அமராவதி அணைப் பக்கம், பிறகு சின்னாறு சோதனைச்சாவடி. அங்கிருந்து மறையூர் வரை மழைமறைவுக் காடு. முள்மரங்கள், கள்ளி, காய்ந்த புல். மறையூரில் கம்பிவேலி போட்டுக் காவல் காக்கும் சந்தனக்காடு. வேலியும் துப்பாக்கியும் மனிதருக்காக. சந்தனத்தின் கருநிறப் பழத்தைத் தின்று விதையை எங்கெங்கோ போட்டுவிட்டுப் போகும் பறவைக்கு வேலி இல்லை. முளைத்த சந்தனக் கன்று பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு சத்தின் ஒரு பகுதியை உறிஞ்சித்தான் வளரும். எனவே பறவை விதையைப் போடும் இடத்தில் துணைச் செடியும் இருந்தாக வேண்டும். விதை பரவினால் மட்டும் போதாது, போய்ச் சேரும் இடமும் சரியாக அமைய வேண்டும் என்ற பாடத்துக்கு மறையூர்ப் பிள்ளைக்கு உதாரணம் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

மறையூர், காந்தளூர், கோட்டகம்பூர், வட்டவடை. இந்த மலை ஊர்களுக்கு மேலேதான் நீலக்குறிஞ்சி. தமிழ் படித்தவர்கள் குறிஞ்சி என்றதும் கபிலரையும், 99 பூக்களை அடுக்கிச் சொல்லும் குறிஞ்சிப்பாட்டையும் நினைப்பார்கள். நான் இங்கே சொல்ல வருவது அதன் காயைப் பற்றி.

சிறுவயதில் பட்டாசுக்காய் வெடித்து விளையாடியது உங்களுக்கு நினைவிருக்கலாம். வரப்போரத்தில் ஊதாப் பூ பூக்கும் சிறு செடி. அதன் காய்ந்த காயை எச்சில் தொட்டு அடுத்தவன் கையில் வைத்தால் பட்டென்று வெடிக்கும். ஈரம் பட்டதும் காயின் இரண்டு பாதிகளும் விலக, உள்ளே இருக்கும் சிறு கொக்கிகள் விதைகளை உந்தித் தள்ளும். மழை வரும் நேரம் பார்த்து விதைகளை எறிய அந்தச் செடி கண்டுபிடித்த வழி அது. பட்டாசுக்காயும் ஆடாதொடையும் குறிஞ்சியும் ஒரே குடும்பம். குறிஞ்சியின் காயும் காய்ந்து வெடித்துத்தான் விதையை எறிகிறது.

ஆனால் வரப்போரத்துச் செடி ஆண்டுதோறும் காய்க்கும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகள் காத்திருந்து, மலை முழுவதும் ஒன்றாகப் பூத்து, விதை வைத்து, செத்துப்போகும். மூணாறு பக்கத்தில் 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் பூத்தது. அடுத்தது 2030. சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறையில் 2022இல் பூத்ததுபோல இடத்துக்கு இடம் கணக்கு மாறுவதும் உண்டு. ஏன் இப்படி எல்லாம் சேர்ந்து பூக்க வேண்டும்? தேனீக்கள் செடிக்குச் செடி போய்ப் பூம்பொடியைக் கலக்க வேண்டுமானால் எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் பூத்திருப்பது நல்லது. பூச்சியும் எலியும் பறவையும் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு விதை ஒரே சமயத்தில் மண்ணில் விழுந்தால், மிச்சம் முளைக்கும். அறிவியலாளர்கள் சொல்லும் காரணங்கள் இவை. பழனி மலைப் பளியர்கள் தங்கள் வயதைக் குறிஞ்சி பூத்த கணக்கில் சொல்வார்கள் என்பார்கள். எழுபது வயதுக்காரருக்கு ஐந்தாறு குறிஞ்சி.

நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. 2018 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை 2030 மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு எழுதும். அந்த ஆகஸ்டில் குறிஞ்சி பூக்கத் தொடங்கும்போது பள்ளியை விட்டு வெளியேறியிருக்கும். 2018இலும் பார்த்திருக்க வழியில்லை. அந்த ஆகஸ்டில்தான் பெருவெள்ளம் வந்து மலைச்சாலைகள் சிதைந்தன. ஒரு முழுப் பள்ளி வாழ்க்கை இரண்டு குறிஞ்சிக்கு இடையில் விழுந்துவிடுகிறது.

குறிஞ்சி விதைக்கு இறகும் இல்லை, பட்டு இழையும் இல்லை. காய் எறியும் தூரம் சில அடிகள். தாய்ச்செடி இருந்த சரிவில்தான் கன்று வரும். அந்தச் சரிவில் யூகலிப்டஸ் நட்டாலோ, தங்கும் விடுதி கட்டினாலோ, விதை விழுந்த பருவத்தில் தீ வைத்தாலோ, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு என்று ஒன்று அதற்கு இல்லை. 1980களின் இறுதியிலிருந்து குறிஞ்சியைக் காக்கச் சொல்லிக் கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் இடையே நடந்தவர்கள் இதைத்தான் சொன்னார்கள். 2006இல் வட்டவடை, கோட்டகம்பூர் கிராமங்களில் சுமார் 3,200 ஹெக்டேர் குறிஞ்சிமலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் யார் நிலம் எது என்ற வழக்கு பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அங்கே உழுது பிழைப்பவர்களும் நம் மக்கள்தான். பூண்டும் உருளையும் விளைவிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குக் குறிஞ்சி விதையின் கதை தெரிந்திருந்தால் அந்த வழக்கு ஒரே நாளில் தீர்ந்துவிடாது. ஆனால் எந்தச் சரிவை விட்டுவைக்க வேண்டும் என்று அப்பனிடம் பேச அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

பாடநூலின் நான்கு வழிகளோடு ஐந்தாவதாக மனிதனையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே போனால் தோன்றும். தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் கொண்டுவந்த வாட்டில் மரம் புல்வெளிகளை விழுங்கியிருக்கிறது. அதன் விதை பல்லாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, தீப்பட்டதும் கூட்டமாக முளைக்கும். வட்டவடைக்குப் பக்கத்தில் பழத்தோட்டத்தில் 2019 காட்டுத்தீக்குப் பிறகு வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து வாட்டில் கன்றுகளைப் பிடுங்கி, நாட்டுப் புல்லை நட்டுப் புல்வெளியை மீட்டிருக்கிறார்கள். புல் திரும்பியதும் ஓடைகளில் நீரும் கூடியது என்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

குறிஞ்சி அபூர்வம் என்றால் ஏலம் அன்றாடம். உடும்பன்சோலை, வண்டன்மேடு, குமுளிப் பக்கம் விடியற்காலையில் போனால், போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகளில் தோட்ட வேலைக்கு ஆட்கள் வந்து இறங்குவதைப் பார்க்கலாம். அவர்கள் பறிக்கும் ஏலக்காய்க்கும் ஒரு கதை உண்டு. ஏலத்தின் பூங்கொத்து தூரின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும். வெள்ளைப் பூவின் நாக்கு போன்ற இதழில் ஊதாக் கோடுகள் இருக்கும். தேன் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் கோடுகள் அவை. பூவின் ஆயுள் ஒரு நாள். ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருந்தாலும், பூம்பொடி தானாக விழுந்து ஒட்ட முடியாதபடி சூலகமுடி சற்று மேலே தூக்கி நிற்கும். எனவே ஒரு தேனீ வந்தாக வேண்டும். அடுக்குத்தேனீயும் மலைத்தேனீயும் காலை நேரத்தில் அந்த வேலையைச் செய்கின்றன. தேனீ வராத பூ காயாகாமல் உதிர்ந்துவிடும்.

இந்த ஒரு பத்தியை இடுக்கியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை படித்துவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஏலத்தோட்டங்களில் தெளிக்கப்படும் பூச்சிமருந்தின் அளவு பற்றிப் பல காலமாகப் புகார் உண்டு. தண்டு துளைப்பானுக்கும் இலைப்பேனுக்கும் அடிக்கும் மருந்து தேனீயை விட்டுவைப்பதில்லை. மருந்து அடித்தே தீர வேண்டுமானால் தேனீ வேலை முடிந்த பிற்பகலில் அடியுங்கள் என்பது வேளாண் நிபுணர்களின் அறிவுரை. பள்ளியில் 'மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் காரணிகள் யாவை?' என்ற கேள்விக்கு விடை எழுதி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் தகப்பன் காலை ஒன்பது மணிக்கு மருந்துப் பம்பைத் தோளில் மாட்டுகிறான். இரண்டும் ஒரே விஷயம் என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இடுக்கி விவசாயிகளுக்குக் கவனித்துப் பார்க்கும் கண் இல்லை என்று சொல்லவே முடியாது. இந்தியாவின் ஏல விளைச்சலையே மாற்றிய 'ஞள்ளானி' ரகத்தைத் தேர்ந்தெடுத்தவர் செபாஸ்டியன் ஜோசப் என்ற இடுக்கி விவசாயி. ரகத்துக்கு வந்தது அவருடைய குடும்பப் பெயர். அந்த ரகத்தை விதை போட்டுப் பெருக்குவதில்லை, தூர் பிரித்து நடுகிறார்கள். ஏன்? தேனீ எந்தச் செடியின் பூம்பொடியைக் கொண்டுவந்து சேர்த்ததோ தெரியாது, விதையில் தாயின் குணம் அப்படியே வராது. பிள்ளைகள் அப்பா அம்மா இருவரையும் கொண்டிருப்பதுபோல. பரம்பரை பற்றிய பாடம் ஒன்று தோட்டத்திலேயே கிடக்கிறது.

தேனீ இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இடுக்கி ஒருமுறை பார்த்துவிட்டது. 2003, 2004இல் வனிலா விலை தாறுமாறாக ஏறியபோது வீட்டுக்கு வீடு வனிலாக் கொடி ஏற்றினார்கள். மெக்சிகோவில் பிறந்த அந்தக் கொடிக்கு இங்கே உதவ அதன் சொந்த ஊர்ப் பூச்சி இல்லை. பூவுக்குள் ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே ஒரு சவ்வு மறைத்து நிற்கும். பெண்கள் காலையில் ஈர்க்குச்சியோடு போய், ஒவ்வொரு பூவாகச் சவ்வை விலக்கி, பூம்பொடியை அழுத்தி ஒட்டினார்கள். தேனீ இலவசமாகச் செய்யும் வேலைக்குக் கூலி என்ன என்று அப்போது தெரிந்தது. பிறகு விலை விழுந்தது, கொடிகளை அறுத்துப் போட்டார்கள்.

அந்த ஈர்க்குச்சி வித்தையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவன் 12 வயதுப் பையன். இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ரீயூனியன் தீவில் அடிமையாகப் பிறந்த எட்மண்ட். 1841இல் அவன் இதைச் செய்து காட்டும்வரை, அந்தத் தீவின் தோட்டக்காரர்களுக்கு வனிலாவை நம்பிக் காய்க்க வைக்கும் வழி தெரியாது. அவன் பள்ளிக்கூடம் போனதில்லை. எஜமானர் பெல்லியே போமோன் தாவரங்களில் ஈடுபாடு கொண்டவர். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருக்கும் தர்பூசணி வகைக் கொடியில் பூம்பொடியை எடுத்து வைக்கும் விதத்தை அவனுக்குக் காட்டியிருந்தார். பையன் அதே யோசனையோடு வனிலாப் பூவைப் பிரித்துப் பார்த்தான். அடிமைமுறை 1848இல் ஒழிந்தபின் அவனுக்கு அல்பியஸ் என்று குடும்பப் பெயர் கொடுத்தார்கள். வனிலா பலரைப் பணக்காரர் ஆக்கியது. எட்மண்ட் அல்பியஸ் 1880இல் வறுமையில் இறந்தான்.

அவனுக்குக் கிடைத்த பாடம் ஒரு கொடியில் ஒரு பூ. நம் வீட்டுக் கொல்லையிலும் அந்தப் பாடம் உண்டு. மார்கழிக் கோலத்தில் வைக்கப் பரங்கிப்பூ பறிக்கும்போது "பிஞ்சு ஒட்டியிருக்கிற பூவைத் தொடாதே" என்று பாட்டி சொல்வார். பிஞ்சு ஒட்டியது பெண் பூ, நீளக் காம்பு மட்டும் உள்ளது ஆண் பூ. பாட்டிக்குத் தெரிந்ததை வகுப்புக்குக் கொண்டுவர நமக்குத்தான் கூச்சம். ஆண், பெண் என்ற சொல் வந்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று சில ஆசிரியர்கள் அந்தப் பகுதியை வேகமாகக் கடந்து விடுகிறார்கள். பரங்கிக்கொடி அருகே நின்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பதில்லை. எந்தப் பூவில் பிஞ்சு இருக்கிறது என்று தேடப் போய்விடுகிறார்கள்.

கேரளத்தில் இதற்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1970இலேயே 'யுரேகா' என்ற சிறுவர் அறிவியல் இதழைத் தொடங்கியது. பாலக்காட்டின் அமைதிப் பள்ளத்தாக்கை அணையிலிருந்து காப்பாற்றக் குரல் எழுப்பியவர்களில் முன்னால் நின்ற எம்.கே. பிரசாத் தாவரவியல் பேராசிரியர். 2010 வாக்கில் தொடங்கிய 'சீசன்வாட்ச்' திட்டம் மாத்ருபூமி நாளிதழின் 'சீட்' இயக்கத்தோடு சேர்ந்து கேரளப் பள்ளிகளில் பரவியது. அதில் செய்ய வேண்டியது எளிது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். துளிர் உண்டா, பூ உண்டா, காய் உண்டா. கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும். விஷுவுக்குப் பூக்க வேண்டிய கணிக்கொன்னை, நம் சரக்கொன்றைதான், அதற்கு வெகுமுன்பே பூப்பதைப் பிள்ளைகளின் குறிப்புகள் காட்டின. வாரம் தவறாமல் பார்க்கும் பிள்ளை பூவோடு நிறுத்திக்கொள்ளாது. கொன்றையின் நீளக் காய் கறுத்துத் தொங்கும்வரை, அதை உடைத்துப் பிசுபிசுப்பான சதைக்குள் விதை அடுக்கியிருப்பதைப் பார்க்கும்வரை, கரடி தின்று விதையைப் பரப்புமாம் என்று கேட்டு வியக்கும்வரை கூடவே இருக்கும்.

தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் இது முடியும். பணம் வேண்டாம். பாடத்தைத் தூக்கிவிட்டு வேறு பாடம் வைக்க வேண்டாம். படத்தில் உள்ள செடிக்குப் பதிலாகப் பிள்ளை பார்க்கக்கூடிய செடியை வைத்தால் போதும். சித்தூரில் பனை, மறையூரில் சந்தனம், வண்டன்மேட்டில் ஏலம், வட்டவடையில் குறிஞ்சி.

அந்தச் சிறுமிக்கு ஆசிரியை அன்று பதில் சொல்லவில்லை. "தெரியல, கண்டுபிடிச்சுச் சொல்றேன்" என்றார். எனக்கு அதுவே பிடித்திருந்தது. மதியம் சாப்பிடும்போது இருவரும் பேசினோம். செம்பருத்தியின் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. பருத்தி, வெண்டை, பூவரசு எல்லாம் அதன் உறவுகள். வெண்டைப்பூவைப் பிளந்தால் அதே ஐந்து இதழ், அதே குழாய், அதே சூலகமுடி. அளவு மட்டும் சிறியது. ஆனால் அது காய்க்கும்.

மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. பள்ளிச் சுவர் ஓரமாக வெண்டை போட்டிருந்தார்களாம். ஒன்றரை மாதத்தில் பூத்ததாம். காலையில் விரிந்து மாலைக்குள் வாடிய பூவின் அடியிலிருந்து பிஞ்சு வெளிவந்ததை வகுப்பே பார்த்ததாம். நாலைந்து காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, அது காய்ந்து வரிவரியாக வெடித்ததும் விதையை எண்ணியிருக்கிறார்கள். கேள்வி கேட்ட சிறுமி ஒரு பிடி விதையைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள், செம்பருத்தி வேலிக்குப் பக்கத்தில் போடுவதற்கு.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி: 2030இல் இந்தப் பிள்ளைகள் இன்னும் பள்ளியில்தான் இருப்பார்கள். உடுமலை வழியாக ஒரு பஸ் பிடித்தால் மறையூர், மூணாறு போய்விடலாமே?

போகலாம் என்று பதில் எழுதியிருக்கிறேன். பூ பார்க்க ஊரே வரும், கூட்டம் நெருக்கும். நாம் இன்னும் சில மாதம் பொறுத்து, காய் வெடிக்கும் காலத்தில் போவோம் என்றும் எழுதியிருக்கிறேன்.